பெண்கள் வாசலாலை வந்த வாங்கு

அந்தப் பப்புக்குள்ளை நான் முதன்முதல் போனது பக்கத்து வாசலாலை. எழுபதுகளின்ரை நடுப்பகுதி, மாசி மாதக் குளிர். ரொறன்ரோவின்ரை மேற்குப் பக்கம், ஸ்ட்ரீட்கார் ஓடுற றோட்டுக்கும் ஒன்ராறியோ ஏரிக்கும் நடுவிலை அந்தக் கட்டிடம் நிண்டது. முன்வாசலிலை நிண்ட வயதான வெயிற்றர் என்னைக் கண்டதும் கதவைத் திறக்கேல்லை. பெண்கள் அங்காலை எண்டு கையாலை காட்டினார். பக்கத்து வெறுங்காணியாலை சுத்திப் போனால் இன்னொரு கதவு. பெண்களுக்கும் அவையளுக்குத் துணையா வாற ஆம்பிளையளுக்கும் எண்டு அதுக்கு மேலை இங்கிலீசிலை எழுதியிருந்தது. என்னோடை வந்த என்ரை முதலாளி முன்வாசலாலை போனார், நான் பக்கத்து வாசலாலை போனன்.

உள்ளதைச் சொன்னால், எனக்கு அது நல்லாத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்திலை பிறந்து வளர்ந்தவள் நான். தவறணை எண்ட சொல்லையே எங்கடை வீட்டிலை குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவினம். அப்பிடிப்பட்டவளுக்கு ஒரு குடிக்கிற இடத்திலை தனிக் கதவு, தனி அறை எண்டால் பின்னை என்ன? பரவாயில்லையே, வெள்ளைக்காரருக்கும் மரியாதை தெரிஞ்சிருக்கு எண்டு நினைச்சன். உந்த நினைப்புத்தான் பிறகு என்னைக் குழியிலை விழுத்தினது.

நான் ஏன் அங்கை போனனான் எண்டதைச் சொல்லவேணும். கொழும்பிலை வரைபடம் கீறப் படிச்சு, ஒரு கந்தோரிலை அந்த வேலையே செய்தவள் நான். கலியாணம் கட்டிக் கனடாவுக்கு வந்து, ரெக்ஸ்டேலிலை ஒரு தளபாடப் பட்டறையிலை சேர்ந்தன். வரைபடம் கீறுவன் எண்டு சொல்லித்தான் வேலை கேட்டது. முதலாளி ஹங்கேரியிலை இருந்து வந்த மனுசன். நான் சொன்னதெல்லாத்தையும் கேட்டுப்போட்டு, தைக்கத் தெரியுமோ எண்டார். தெரியும் எண்டன். அவ்வளவுதான், என்ரை படிப்பு அதோடை முடிஞ்சுது. கதிரைக்கும் சோபாவுக்கும் உறை தைச்சு, இழுத்துப் பிடிச்சு ஸ்ரேப்பிள் அடிக்கிறதுதான் என்ரை வேலை. பட்டறையின்ரை மூலையிலை, யன்னலோடை, சாய்வான வரைமேசை ஒண்டு இருந்தது. அதிலை இருந்து கீறினவர் ஒரு அலுமாரிக்கு ரெண்டுதரம் அளவிலை பிழை விடுவார். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பத்தியெரியும்.

அந்த ஆள் திடீரெண்டு வான்கூவருக்குப் போட்டார். அந்த நேரம் பார்த்துத்தான் பப் வேலை வந்தது. தளபாடம் மட்டுமில்லை, உள்ளுக்கை முழுக்கப் புதுசா ஆக்கி, கோடை தொடங்கத் திறக்கவேணும். நான் முதலாளிக்கு முன்னாலை போய் நிண்டு, நான் கீறுறன் எண்டன். அவர் தலையைச் சொறிஞ்சார், இருமினார், கடைசியிலை ஒரு சொல்லுச் சொன்னார்.

"பப்புக்காரி ஓம் எண்டால் அந்த மேசை உமக்கு. அவ வேண்டாம் எண்டால் நான் வேறை ஆளைத் தேடுவன். பிறகு மேசையைப் பற்றி என்னோடை கதைக்கக்கூடாது."

சரி எண்டன். வீட்டை வந்து என்ரை மனுசனுக்குச் சொன்னன். அவர் கணக்காளர், நல்ல மனுசன், ஆனால் நாலு பேர் என்ன சொல்லுவினம் எண்டதிலை சரியான பயம். மாதம் ஒருக்கா ஆரின்ரையும் அப்பாட்மென்றிலை பூசைக்குக் கூடுவம். அங்கை அவரிட்டை மனுசி என்ன செய்யிறா எண்டு கேட்டால், சும்மா வீட்டிலை இருக்கேலாமல் கொஞ்சம் தையல் வேலை எண்டுதான் சொல்லுவார். இப்ப பப் எண்டதும் அவருக்கு முகம் கறுத்துப்போச்சு. வெளியிலை மூச்சு விடாதையும் எண்டார். நான் ஏன் மூச்சு விடப்போறன், எனக்கு விட நேரம் இருந்தால்தானே.

பப் உள்ளுக்கை பார்த்தால் வயித்தைப் பிரட்டும். பழைய பியர் மணம், சிகரட் மணம். சின்னச் சின்ன வட்ட மேசையள், சிந்தினதை உறிஞ்ச ஒவ்வொண்டுக்கும் துவாய்த்துணியிலை ஒரு உறை, மேலை ஒரு உப்புப் போத்தல். பியருக்கை உப்புப் போட்டுக் குடிக்கிற சனம் இருக்கெண்டு அண்டைக்குத்தான் கண்டன். வெளியிலை இருந்து ஆரும் பாராமல் யன்னல் கண்ணாடிக்கெல்லாம் பெயின்ற் அடிச்சிருந்தது. ஆரும் எழும்பி நிண்டு குடிக்கக்கூடாது, தன்ரை கிளாசைத் தானே தூக்கிக்கொண்டு மேசை மாறக்கூடாது, வெயிற்றர்தான் தூக்கிக்கொண்டு வந்து வைக்கவேணும். எல்லாத்துக்கும் மேலை, நடுவாலை நிலத்திலை இருந்து முகடு மட்டும் ஒரு ஓக் பலகைச் சுவர். அங்காலை ஆம்பிளையள், இஞ்சாலை பெண்கள். அப்பிடிப் பிரிக்கவேணும் எண்ட சட்டம் போய்க் கொஞ்சக் காலம் எண்டு முதலாளி சொன்னார். சுவரும் பழக்கமும்தான் போகேல்லை.

நான் வீட்டுக் குசினி மேசையிலை கீறத் தொடங்கினன். ஆம்பிளையளின்ரை பக்கத்தைக் கெதியா முடிச்சன். பெண்களின்ரை பக்கத்துக்குத்தான் என்ரை முழுக் கெட்டித்தனமும் போனது. சுவருக்கு மெல்லிய மஞ்சள் பூச்சு, உயரமான முதுகு வைச்ச மெத்தைக் கதிரையள், கதவடியிலை உள்ளுக்கை தெரியாமல் ஒரு மறைப்பு, அதிலை பூ வேலை. எங்கடை கலியாண வீடுகளிலை பெண்கள் இருக்கிற பக்கத்தை எப்பிடி வடிவா வைச்சிருப்பினம், அதை அப்பிடியே கொண்டுவந்தன். ஒரு ஆம்பிளையின்ரை கண் படாது. கீறி முடிச்சுப் பார்க்க எனக்கே புழுகமும் பெருமையும் தாங்கேலாமல் போச்சு.

பப்புக்காரி அம்பது வயதைத் தாண்டின மனுசி. தடிச்ச உடம்பு, சத்தமில்லாத குரல். அந்தப் பப் முதலிலை அவவின்ரை தகப்பன்ரை, பிறகு புருசன்ரை, புருசன் செத்தாப்பிறகுதான் அவவின்ரை கைக்கு வந்தது. நான் தாளை விரிச்சன். அவ கண்ணாடியைப் போட்டு ஆறுதலாப் பார்த்தா. நான் ஒவ்வொண்டாக் காட்டி விளங்கப்படுத்த, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தா. முடிஞ்சதும் கண்ணாடியைக் கழட்டினா.

"நான் சின்னப்பிள்ளையிலை இருந்து இந்தச் சுவருக்குப் பின்னாலை இருந்தவள்," எண்டா. "நீங்கள் அதை வடிவாக்கிக் கொண்டுவந்து தாறியள்."

எனக்கு முகத்திலை அறைஞ்சமாதிரி இருந்தது. முதலிலை வந்தது வெக்கம் இல்லை, கோவம். இவ்வளவு வேலை செய்து கொண்டுவந்தால் இவவுக்கு என்ன குறை எண்ட கோவம். முதலாளி கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு எழும்பினார். ரெக்ஸ்டேல் வந்த பிறகு, திங்கக்கிழமை ஆள் தேடப்போறன் எண்டார். நான், திங்கக்கிழமை மட்டும் பொறுங்கோ, அதுக்குப் பிறகும் தேவையெண்டால் ஆள் தேடுற விளம்பரத்தை நானே உங்களுக்கு எழுதித் தாறன் எண்டன். சிரிச்சாரோ இல்லையோ, ஓம் எண்டார்.

சனிக்கிழமை பஸ் எடுத்து, ஸ்ட்ரீட்கார் மாறி, தனிய அந்தப் பப்புக்குப் போனன். பக்கத்து வாசலாலை போய்ப் பெண்கள் பக்கத்திலை ஒரு கதிரையிலை இருந்தன். மத்தியானம். என்னையும் இன்னும் ரெண்டு கிழவியளையும் தவிர ஒருத்தரும் இல்லை. சுவருக்கு அங்காலை ஆம்பிளையள் ஏதோ பகிடி சொல்லிச் சிரிக்கிற சத்தம் கேட்குது, என்ன பகிடியெண்டு விளங்கேல்லை. வெயிற்றர் அங்காலை எல்லாருக்கும் குடுத்து முடிச்சுத்தான் இஞ்சாலை வந்தார். எங்கடை பந்தியிலை ஆம்பிளையள் சாப்பிட்டு எழும்பும்வரை காத்திருந்த பசி எனக்கு அப்ப ஞாபகம் வந்தது. சீ, அந்தப் பசியை எப்பிடி மறந்தனான்? மறந்தது மட்டுமில்லை, அதுக்கு மஞ்சள் பூச்சும் பூவும் போட்டல்லோ கொண்டுவந்தனான்.

பப்புக்காரி என்னைக் கண்டிட்டுப் பக்கத்திலை வந்து இருந்தா. ஏரி எங்கை எண்டு கேட்டன். பின்பக்கச் சுவரைக் காட்டி, அதுக்கு அங்காலை எண்டா. அந்தச் சுவரிலை உயரத்திலை பெயின்ற் அடிச்ச சின்ன யன்னலுகள் மட்டும்தான். தண்ணிக் கரையிலை இருக்கிற கடை, தண்ணியை ஒருத்தரும் கண்டதில்லை. பேந்து அவ ஒரு கதை சொன்னா. தன்ரை சொந்தப் பப்பிலை, ஆக்கள் இருக்கிற நேரத்திலை ஆம்பிளையளின்ரை பக்கத்துக்குத் தான் முதன்முதல் போனது புருசனின்ரை செத்தவீடு முடிஞ்ச பிறகு எண்டா. அண்டைக்கு எல்லாரும் எழும்பி நிண்டவையாம், மரியாதைக்கோ திகைப்பிலையோ தெரியாதாம். நான் அவவின்ரை கையைப் பிடிச்சன்.

வீட்டை போய்ப் பழைய தாளைக் கிழிச்சுப்போட்டுப் புதுசாக் கீறினன். சுவர் இல்லை. ஏரிப் பக்கம் முழுக்கப் பெரிய யன்னல். அதுக்கு முன்னாலை கொஞ்சம் தள்ளி, அறையின்ரை இந்தப் பக்கத்திலை இருந்து அந்தப் பக்கம் மட்டும் ஒரே ஒரு நீளமான வாங்கு, இங்கிலீசிலை பெஞ்ச் எண்டுறது, ஆக்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டு இருக்கத்தக்கதா. நடுவிலை ஒரு பொருத்தும் இல்லை. வாங்கின்ரை முதுகுக்கு அந்தச் சுவரைக் கழட்டின ஓக் பலகையையே எடுக்கவேணும். பெண்களின்ரை வாசலை வெட்டி யன்னலாக்கவேணும். திங்கக்கிழமை பப்புக்காரி பார்த்தா, கண்ணாடியைக் கழட்டாமலே ஓம் எண்டா. ஆனால் முதலாளி லேசிலை விடுவாரோ? வேலை முடிஞ்சு வாங்கு அந்த இடத்திலை போய் இருக்கட்டும், பிறகு மேசையைப் பற்றிக் கதைப்பம் எண்டார்.

அவருக்கும் எனக்கும் பிறகு நடந்ததெல்லாம் பொருத்துச் சண்டை. ரெண்டு துண்டாச் செய்து அங்கை கொண்டுபோய்ப் பூட்டுவம் எண்டு அவர் நிண்டார். நடுவிலை பொருத்து வந்தால் சனம் அதுக்கு அங்காலை இஞ்சாலை எண்டு பிரிஞ்சுதான் இருக்கும், எனக்கு எங்கடை ஆக்களையும் தெரியும் உங்கடை ஆக்களையும் தெரியும் எண்டன். எப்பிடி உள்ளுக்கை கொண்டுபோறது எண்டு கேட்டார். முன்வாசலாலை எண்டன். அந்த வாசலிலை குளிர்காத்து உள்ளை வராமல் கூடுமாதிரி ஒரு சின்ன முன்னறை இருந்தது. அதுக்குள்ளை போய் ஒருக்காத் திரும்பித்தான் உள்ளை போகலாம். இஞ்சத்தைக் கடையளிலை உப்பிடிக் கூடு வைச்சுக் கழட்டுறதைக் கண்டிருக்கிறன். இதையும் கழட்டலாம்தானே எண்டு நினைச்சன்.

சுவரைக் கழட்டின அண்டைக்கு பப்புக்காரி ஒரு சுத்தியலை வாங்கி, பெண்களின்ரை கதவைத் தன்ரை கையாலை ஆணி அடிச்சு மூடினா. இனி இந்த வாசலாலை ஒருத்தரும் உள்ளை வரமாட்டினம் எண்டா. மேசன் வந்து வெட்டி யன்னலாக்கும்வரை அது அப்பிடியே கிடக்கட்டுமாம். நாங்கள் கை தட்டினம். வெயிற்றர் மட்டும் தட்டேல்லை, துவாய்த்துணியளை மடிச்சுக்கொண்டு நிண்டார்.

வாங்கைக் கொண்டுபோன நாள் வைகாசி வெய்யில். லொறியிலை இருந்து பட்டறை ஆக்கள் அதை இறக்கி றோட்டோர நடைபாதையிலை வைச்சினம். நான் தைச்ச கடும்பச்சை மெத்தை, பழைய ஓக் முதுகு, அவ்வளவு நீளம். சனம் நிண்டு பார்த்தது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்து போச்சு. ரெண்டு பேர் உள்ளை போய்க் கூட்டைக் கழட்டப் பார்த்தினம். கழருமோ? அது பிறகு வைச்ச கூடு இல்லை, கட்டிடத்தோடையே எழும்பின செங்கல் சுவர், மேல்வீடு அதிலைதான் நிக்குது. கூட்டுக்குள்ளை வாங்கின்ரை முனை போய் முட்டினதோடை சரி, திருப்ப இடமில்லை.

முதலாளிக்கு வந்ததே கோவம். ஹங்கேரிப் பாசையிலை ஏதோ சொன்னார், நல்ல காலம் எனக்கு விளங்கேல்லை. பிறகு லொறிக்குள்ளை இருந்து வாளை எடுத்துக்கொண்டு வந்தார். நடுவாலை வெட்டுவம், உள்ளை கொண்டுபோய்ப் பொருத்துவம் எண்டார். நான் நேரை போய் அந்த வாங்கின்ரை நட்டநடுவிலை, அவர் வெட்டப்போற இடத்திலை, ஏறி இருந்திட்டன். நடைபாதையிலை, சீலையோடை, காலைக் கட்டிக்கொண்டு. ஸ்ட்ரீட்காரிலை போன சனமெல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு போனது. மனுசன் கண்டிருந்தால் அண்டைக்கே என்னைக் கொழும்புக்கு அனுப்பியிருப்பார்.

எழும்பும் எண்டார் முதலாளி. ஏலாது எண்டன். வேலை போகும் எண்டார். போகட்டும் எண்டன். சொல்லிப்போட்டனே ஒழிய, மனம் கணக்குப் பார்த்தது. ஒரு வெட்டோடை வாங்கு ரெண்டாப் போகும், என்ரை மேசையும் போகும், திங்கக்கிழமையிலை இருந்து சாகுமட்டும் ஸ்ரேப்பிள்தான்.  அழுதால் அவர் வெண்டிடுவார் எண்டு பல்லைக் கடிச்சுக்கொண்டு முகத்தை அங்காலை திருப்பினன். திருப்பினால் முன்னாலை வெறுங்காணி, அந்தக் கரையிலை ஆணி அடிச்ச பெண்களின்ரை கதவு.

அந்தக் கதவுக்கு முன்னாலை கூடும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. காணியாலை நேரை வந்து நேரை உள்ளை போகலாம். உள்ளுக்கையும் அது ஏரிச் சுவரோடை ஒட்டித்தான் திறக்கும். வாங்கு போய் இருக்கவேண்டிய கோடு அந்தக் கதவிலைதான் தொடங்குது. என்ரை படத்திலை நானே கீறின கோடு, இவ்வளவு நாளும் எனக்குத் தெரியேல்லை பாருங்கோ. பெண்களின்ரை வாசல் எண்டதாலை அது வாசலாவே என்ரை கண்ணிலை படேல்லைப் போலை.

பப்புக்காரி முன்வாசலிலை நிண்டா. நான் கதவைக் காட்டினன். அவவின்ரை முகம் இறுகிப்போச்சு. அதாலை இனி ஒண்டும் உள்ளை வராது எண்டு சொன்னனான் எண்டா. நான் மனதிலை வந்ததைச் சொன்னன்.

"நீங்களும் நானும் இந்தக் கடைக்குள்ளை வந்த வாசல் அதுதான். இதுவும் அதாலையே வரட்டும். இதுதான் கடைசி."

அவ உள்ளை போய், கடப்பாரைமாதிரி ஒரு அலவாங்கோடை வந்தா. பட்டறை ஆக்கள் அதைக் கையிலை வாங்கப் போனவை, அவ குடுக்கேல்லை. தான் அடிச்ச ஆணி ஒவ்வொண்டையும் தானே நெம்பிக் கழட்டினா. கடைசி ஆணி வர மறுத்தது. முதலாளி வாளைக் கீழை வைச்சிட்டுப் போய் அவவோடை சேர்ந்து அலவாங்கை அமத்தினார். கதவு கழண்டு விழுந்தது.

வாங்கு உள்ளை போனது எப்பிடித் தெரியுமோ? ஒரு இடத்திலை முட்டேல்லை, ஒரு இடத்திலை உரசேல்லை. அந்தக் கோட்டிலை நேரை போய், தன்ரை இடத்திலை தானே போய் இருந்தது. நான் அடக்கி வைச்ச அழுகை அப்பதான் வந்தது. அழுதுகொண்டே சிரிச்சன், வெக்கமாவது மண்ணாவது. முதலாளி வாங்கின்ரை இந்த முனையிலை இருந்து அந்த முனை மட்டும் கையாலை தடவிக்கொண்டு போனார். போய், திரும்பி வந்து, ஸ்ரேப்பிள் அடிக்க நான் ஒரு ஆளைப் பார்க்கவேணும் போலை இருக்கு எண்டார். அவ்வளவுதான் சொன்னார். திங்கக்கிழமை போனால் வரைமேசை துடைச்சுக் கிடந்தது.

திறந்த நாள் ஒரு ஞாயிறு பின்னேரம், அழைச்ச ஆக்களுக்கு மட்டும். மனுசனைக் கூப்பிட்டன். பப்புக்கோ, ஆரும் கண்டால் எண்டு இழுத்தார். சரி, நீங்கள் வீட்டிலை இருங்கோ எண்டு, கலியாணத்துக்குக் கட்டுற சீலையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸிலையும் ஸ்ட்ரீட்காரிலையும் தனியப் போனன். பழைய பழக்கத்திலை கால் காணிப் பக்கம் திரும்பினது உண்மை. முன்வாசலிலை நிண்ட அதே வெயிற்றர் என்னைக் கண்டார். இந்தமுறை கையைக் காட்டேல்லை. கதவைத் திறந்து பிடிச்சுக்கொண்டு நிண்டார். நான் முன்வாசலாலை போனன்.

உள்ளுக்கை யன்னல் முழுக்கத் தண்ணி. நிலத்திலை, பழைய சுவர் நிண்ட இடத்திலை, ஒரு நிறம் மாறின கோடு கிடந்தது. அதை மறைக்கவேண்டாம் எண்டு நான்தான் சொன்னனான். வாங்கு அந்தக் கோட்டைக் கடந்து போகுது, அதுக்கு மேலை ஆம்பிளையளும் பெண்களும் கலந்து இருந்து ஏரியைப் பார்க்கினம். நான் போய்க் கோட்டுக்கு நேரை மேலை இருந்தன். பப்புக்காரி எனக்கு ஒரு ஜிஞ்சர் ஏல் சோடாவைத் தன்ரை கையாலை கொண்டுவந்து வைச்சா.

வாசலிலை ஏதோ கதை கேட்டது. திரும்பிப் பார்த்தன். மனுசன் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு நிக்கிறார். வேர்த்துக் கொட்டுது. வெயிற்றர் அவரை மறிச்சு, நீங்கள் ஆரோடை வந்தனீங்கள் எண்டு கேட்கிறார். கடைக்குள்ளை இருந்த அத்தனை பேரும் பார்க்கினம். மனுசன் என்னைக் கண்டார். விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

"அந்த வாங்கைக் கீறினவ," எண்டார். "நான் அவவோடை வந்தனான்."

வெயிற்றர் விலகி நிண்டு வழி விட்டார். நான் கொஞ்சம் அரக்கி இருந்து அவருக்கு இடம் குடுத்தன்.